லுஹர் நேரத்துக் கேள்வி

கணவன் மவுத்தான பிறகும் அவனுடைய நம்பருக்குப் போன் எடுப்பதை நுஸ்ரா நிறுத்தவில்லை. அதை அவள் யாருக்கும் சொல்லவுமில்லை. நண்பகலில் லுஹர் தொழுது, அவனுக்காக யாஸீன் ஓதி முடித்ததும், தொழுகை விரிப்பான முஸல்லாவை மடிக்காமல் அதன்மேல் இருந்தபடியே அந்த நம்பரை அழுத்துவாள். நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொல்லும். மூன்றும் முடியும்வரை கேட்டுவிட்டு வைப்பாள். கடலோடு போன போன், வேறென்ன சொல்லும்?

அன்று அது மணியடித்தது.

நம்பரைத் தவறாக அழுத்திவிட்டோமோ என்று பார்த்தாள். சரியான நம்பர்தான். ‘ஹுனைஸ்’ என்ற பெயரும், பாலாவிச் சந்தியில் லொறி ஒன்றின் முன்னால் அவன் சிரித்துக்கொண்டு நின்ற படமும் திரையில் இருந்தன. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அந்த நம்பரை அழுத்தினாள். மறுபடியும் அடித்தது. போனை முஸல்லாவின் மேல் கவிழ்த்து வைத்தாள். வெளியே தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தகரப் படலையைப் போட்டு உலுப்பிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்துக் குசினியில் மாமி, ஹுனைஸின் உம்மா, சட்டி கழுவும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

ஹுனைஸ் போனதும் இந்தக் காற்றின் தொடக்கத்தில்தான். கற்பிட்டிக்கு அப்பால் ஒரு தீவு ஹோட்டலில் மேசைகளுக்குப் போன் சார்ஜர் தட்டுகள் பொருத்திவிட்டுச் சின்ன வள்ளத்தில் திரும்பியபோது வள்ளம் கவிழ்ந்தது. வள்ளக்காரன் நீந்திக் கரையேறிவிட்டான். ஹுனைஸ் ஏறவில்லை. அந்தப் பக்கம் கரையில் குடிசை போட்டு வாடியடித்துத் தங்கியிருந்த உடப்பு ஊர் மீனவர்கள் மறுநாள் விடியுமுன் கவிழ்ந்த வள்ளத்தின் மேலேயே அவனைக் கண்டெடுத்தார்கள்.

அந்த இரவு முழுதும் நுஸ்ரா அவனுக்குப் போன் எடுத்தபடி இருந்தாள். யாருக்கும் தெரியாத ஒன்று அதில் இருந்தது. கடைசியாக எடுத்த அழைப்பு மறுமுனையில் எடுபட்டது. அங்கே காற்று மட்டும் இரைந்தது. “ஹலோ, ஹலோ” என்று கத்தினாள். மூச்சுப் போல ஏதோ கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது. கொஞ்ச நேரத்தில் அவனுடைய மையத்து, உயிரற்ற உடல், கிடைத்த செய்தி வந்தது. அப்படியானால் அதுவரைக்கும் அவனுக்கு உயிர் இருந்ததா? என் குரல் கேட்டும் பதில் சொல்ல ஏலாமல் கிடந்தானா? இந்தக் கேள்வியை அவள் மையத்தைப் பார்த்த டொக்டரிடமும் கேட்கவில்லை, மாமியிடமும் கேட்கவில்லை. பிறகும் போன் எடுத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் தொடங்கியது. ஆனால் வேலை காத்திராது. பாலாவியில் இருவரும் சேர்ந்து நடத்திய சின்னத் தொழிற்கூடத்தில், மேசைக்குள் பதிக்கிற வயர்லெஸ் சார்ஜர் தட்டு செய்தார்கள். வயர் இல்லாமல், போனை மேலே வைத்தால் போதும், சார்ஜ் ஏறும். ஹோட்டல்களைப் பிடிப்பதும் பொருத்துவதும் ஹுனைஸின் பாடு. தட்டுக்குள் ஓடும் புரோகிராமை எழுதுவது நுஸ்ராவின் பாடு. வெளிநாட்டுத் தளபாடக் கம்பனி ஒன்று வாங்கச் சம்மதித்திருந்தது. சர்வதேசச் சான்றிதழ் வேண்டும் என்பதுதான் அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. ஹுனைஸ் அதற்காக ஒன்றரை வருடம் அலைந்திருந்தான். மையத்தை அடக்கம் செய்த கிழமையே பரிசோதனைக்கூடத்தில் இருந்து, மாதிரிகளை அனுப்பலாம் என்று மின்னஞ்சல் வந்தது.

முஃப்லிஹா என்ற பெண் தொழிற்கூடத்தில் வேலை செய்கிறவள். அவள்தான் லெப்டொப்பையும் சோதனைத் தட்டுகளையும் ஓட்டோவில் ஏற்றிக் கரைத்தீவிலிருந்த மாமியின் வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறை மேசையில் பரப்பினாள். ஊரில் கதை எழும்பாமல் இல்லை. புருஷன் மவுத்தாகி மாதம் ஆகவில்லை, இவளுக்கு மிஷின் கேட்குது என்றார்கள். ரபியா மாமி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது நுஸ்ராவைச் சுட்டது. வடக்கில் எருக்கலம்பிட்டியிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது கைக்குழந்தை ஹுனைஸை மடியில் வைத்துக்கொண்டு கடல் கடந்து கற்பிட்டியில் இறங்கியவர் அவர். மற்றப் பிள்ளைகள் இல்லை. மகன் போனதிலிருந்து தேவைக்கு மட்டும் வாய் திறந்தார். “ஸபர் செய்யுங்க” என்று பொறுமை சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார்.

புதுத் தட்டுகளில் ஒரு சின்னச் சிப் இருந்தது. அதுதான் சான்றிதழின் உயிர். தட்டின் மேல் வைத்ததும் போன் ஒரு கேள்வி அனுப்பும். ‘நீ அசல்தானா?’ என்பதுதான் அதன் பொருள். ஆனால் ஒரு முறை கேட்ட மாதிரி மறுமுறை கேட்காது. சிப் தனக்குள் பூட்டிவைத்திருக்கும் இரகசிய எண்ணைக் கொண்டு அந்தக் கேள்விக்குக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். கையொப்பம் சரியென்றால் போன் முழு வேகத்தில் மின்சாரம் வாங்கும். பதில் வராவிட்டால், தட்டைச் சந்தேகப்பட்டு மெல்ல மெல்ல மட்டும் வாங்கும். இந்தக் கேள்வி பதில் எல்லாம் நுஸ்ராவின் லெப்டொப்பில் வரி வரியாகப் பதியும்.

பரிசோதனைக்கூடம் மாதிரிகளைத் திருப்பி அனுப்பியது. இத்தா என்பதால் கெமராவை மூடிவைத்துக்கொண்டு நுஸ்ரா அங்குள்ள வெளிநாட்டுப் பொறியியலாளனோடு கதைத்தாள். சில வேளைகளில் உங்கள் தட்டு பதில் சொல்லாமல் இருந்துவிடுகிறது என்றான் அவன். எப்போது என்று கேட்டாள். அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை என்று மரியாதையாகச் சொன்னான். அவள் தன் போனையும் முஃப்லிஹாவின் போனையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். வைத்த ஒவ்வொரு முறையும் தட்டு பதில் சொன்னது.

போன் மணியடித்த அன்று, தொழுகைக்குப் பிறகு மனம் ஓடாமல் முன்னறைக்குப் போய் லெப்டொப்பைத் திறந்தாள். பதிவின் கடைசி வரிகளைப் பார்த்ததும் கதிரையில் அமர்ந்துவிட்டாள். அவள் உள்ளறையில் தொழுதுகொண்டிருந்த நேரம், மேசையிலிருந்த தட்டு யாருக்கோ மின்சாரம் கொடுத்திருந்தது. வெகு நேரம் கேள்வியே வரவில்லை. பிறகு வந்தது. தட்டு பதில் சொல்லவில்லை. திரும்ப வந்தது. பதில் இல்லை. திரும்பவும். அப்படியே கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தது.

அவளுடைய போன் அவளோடு உள்ளே இருந்தது. முஃப்லிஹா வந்திருக்கவில்லை. மாமியிடம் இருந்தது பொத்தான் போன். அதைத் தட்டில் வைத்தாலும் ஒன்றும் நடக்காது. தட்டைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் இளஞ்சூடு இருந்தது. விரலில் ஏதோ நறுநறுத்தது. வெள்ளைப் பொடி. நாக்கில் வைத்தாள். உப்பு.

அடுத்த நாளும் லுஹர் நேரத்தில் அதே மாதிரிப் பதிந்திருந்தது. அதற்கு அடுத்த நாளும். தொழுகை முடிந்து எடுத்தால் ஹுனைஸின் நம்பர் மணியடித்தது. இரவு இஷா நேரத்துக்குள் பழையபடி பெண்குரல் வந்துவிட்டது. காலையிலும் பெண்குரல்தான்.

முஃப்லிஹாவுக்கு ஒருநாள் பதிவைக் காட்டினாள்.

“ராத்தா, மேல போன் வைக்காம கேள்வி வருமா?”

“வராது.”

“அப்ப கேக்கிறது ஆரு?”

நுஸ்ரா லெப்டொப்பை மூடினாள். முஃப்லிஹா மேசையை விட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். “பயமாயிரிக்கு ராத்தா. ஆலிம்சாவைக் கூட்டிட்டு வந்து ஓதிப் பார்ப்பமா?”

“வேணாம். நீ ஒருத்தருக்கிட்டயும் இந்தக் கதையச் சொல்லாத.”

பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள் வேறொன்றும் இருந்தது. முன்னறைக்குள் எட்டிப் பார்த்தால் முடிந்துவிடக்கூடிய காரியம் அது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. தொழும்போது கதவு மெல்லக் கிரீச்சிடுகிற மாதிரி இருக்கும். ஸஜ்தாவில் நிலத்தில் வைத்த நெற்றியை இன்னும் அழுத்திக்கொள்வாள். பார்த்தால் நின்றுவிடும் என்று அவளுக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

கேட்டவர் யாராக இருந்தாலும், பதில் கிடைக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டது அவளைத் தின்றது. அந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு பகல் முழுதும் இருந்தாள். ஏன் தொடக்கத்திலேயே கேள்வி வரவில்லை? ஏன் இவ்வளவு பிந்தி வருகிறது? மாலை அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழுச் செய்துகொண்டிருந்தபோது பிடிபட்டது. அந்தப் போன் தட்டில் வைக்கும்போது செத்துக் கிடக்கிறது. பெட்டரியில் சொட்டுக்கூட இல்லை. தட்டு கொடுக்கிற மின்சாரத்தில்தான் மெல்லக் கண் திறக்கிறது, எழும்பிய பிறகுதான் கேள்வி கேட்கிறது. அவள் எழுதிய புரோகிராமோ தொடக்கத்தில் கொஞ்ச நேரம் கேள்விக்குக் காத்திருந்துவிட்டுக் காதை மூடிக்கொள்கிறது. அவளும் முஃப்லிஹாவும் சோதித்த போன்கள் ஒன்றும் செத்த போன்கள் அல்லவே.

தன் பழைய போனை முற்றாக அணையவிட்டுத் தட்டில் வைத்துப் பார்த்தாள். அதே பிழை. பரிசோதனைக்கூடத்துக்காரன் சொன்னது இதுதான்.

உடனே எழுதத் தொடங்கினாள். எந்த நேரம் கேட்டாலும் தட்டு பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் மாற்றம். எழுதி முடித்துத் தட்டில் ஏற்றினாள். மறுநாள் யாஸீன் ஓதும்போது குரல் பலமுறை தடுக்கியது. ஓதி முடித்து ஓடி வந்து பதிவைப் பார்த்தாள். மின்சாரம். நீண்ட மௌனம். கேள்வி. உடனே பதில். கையொப்பம் சரி. முழு வேகம்.

மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகு நேரம் கிடந்தாள்.

அடுத்த நாள் காலையில், சும்மா ஓர் எண்ணத்தில் ஹுனைஸின் நம்பருக்கு எடுத்தாள். காலையிலும் மணியடித்தது. அதற்கு மேல் அவளால் பொறுக்க ஏலவில்லை.

அன்று லுஹருக்குப் பள்ளியில் பாங்கு சொன்ன கையோடு தொழுது முடித்தாள். யாஸீனைப் பிறகு ஓதலாம் என்று வைத்துவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள்.

மாமி வந்தார். தொழுகை உடுப்போடு வந்தார். தலைமுக்காட்டுக்குள்ளிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்து, குழந்தையைக் கிடத்துவதுபோல இரண்டு கையாலும் தட்டில் வைத்தார். தட்டின் பச்சை லைட் பற்றியது. ஓரம் உடைந்த, மூலைகளில் உப்புப் பூத்த ஹுனைஸின் போன்.

நுஸ்ரா தன் போனில் அவனுடைய பெயரை அழுத்தினாள். மேசையில் அது அதிர்ந்து நகர்ந்தது. மாமி அதை எடுக்கவில்லை. உள்ளங்கையை அதன்மேல் பொத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அதிர்வு நிற்கும்வரை கையை எடுக்கவேயில்லை. உதடுகள் எதையோ ஓதின.

“மாமி.”

மாமி திடுக்கிட்டுத் திரும்பவில்லை. என்றைக்கோ ஒருநாள் இந்தக் குரல் வரும் என்று இருந்தவர் மாதிரி மெல்லத் திரும்பினார்.

“அது கடலோட போயிட்டுது எண்டல்லவா சொன்னீங்க?”

“பொய்தான் சொன்னேன், மகள்.” மாமி கதிரையைப் பிடித்துக்கொண்டார். “மையத்தக் கொண்டுவந்த அண்டைக்கே உடப்பு இராமலிங்கம் தந்தார். அவருதான் கடல்ல கண்டெடுத்தவரு. உடுப்பு, செருப்பு எல்லாம் ஏழைகளுக்குக் குடுக்கணும் எண்டு நீங்க எல்லாரும் கதைச்சீங்க. இதையும் குடுத்திடுவீங்க எண்டு ஒளிச்சுட்டேன்.”

“குடுத்திருப்பேனா நான்?”

“எனக்கென்ன தெரியும்? நீ அழவே இல்லையே. அழாம இந்த மிஷினோட இரிந்தாய். ஒனக்கு முடிஞ்சுபோச்சு எண்டுதான் நெனச்சேன்.” மாமி தட்டைத் தடவினார். “வயர் குத்துற ஓட்டைக்குள்ள உப்பு ஏறிப்போச்சு. ஒண்டுமே செய்ய ஏலாம அலுமாரிக்குள்ள கிடந்திச்சி. இந்தத் தட்டுல நீ போனச் சும்மா வெச்சு எடுக்கிறதக் கண்டேன். வெச்சுப் பார்த்தேன். லைட் வந்திச்சி. எனக்கு என்ட புள்ள கண் முழிச்ச மாதிரி இரிந்திச்சி.”

“தெறக்க ஏலாதே, அவர் கோட் நம்பர் போட்டுப் பூட்டியிருந்தாரே.”

“தெறக்கிறதுக்கா வெச்சேன்? முதல் நாளே, எடுத்து அலுமாரிக்குள்ள வைக்கப் போக, கையில அதிர்ந்திச்சி. பேர் வரல்ல, நம்பர்தான் வந்திச்சி. ஒன்ட நம்பர் எனக்குத் தெரியாதா?” மாமியின் குரல் உடைந்தது. “ஒனக்கும் முடியல்ல எண்டு அண்டைக்குத்தான் வெளங்கினேன். எனக்குச் சொல்ல வெட்கமாயிரிந்திச்சி மகள். ஸபர் இல்லாதவள் எண்டு சொல்லுவாங்க எண்டு பயந்தேன். இன்னொண்டு, சொன்னா நீ எடுக்கிறத நிப்பாட்டிடுவாய். என்ட புள்ளைக்குப் போன் எடுக்கிறதுக்கு இனி வேற ஆரு இரிக்கா?”

நுஸ்ரா நிலத்தில் அமர்ந்தாள். பக்கத்தில் மாமியும் சிரமப்பட்டு அமர்ந்தார். இருவரும் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். கொஞ்சம் கழித்து மாமி, தன்பாட்டில் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

“நீதான் கண்டுபிடிச்சுக் குடுத்தாய், தெரியுமா? இருட்டுக்குள்ள கவிழ்ந்த வள்ளத்த அவங்க காணல்லயாம். சேட்டுப் பொக்கட்டுக்குள்ள வெளிச்சம் வந்து வந்து போனதாம். அதப் பார்த்துத்தான் கிட்டப் போயிரிக்காங்க. இராமலிங்கம் எடுத்துக் காதுல வெச்சாராம். நீ ஹலோ, ஹலோ எண்டியாம். அந்த மனிசனுக்கு வாய் வரல்ல. என்னத்தச் சொல்லுறது எண்டு தெரியாம வெச்சுட்டாராம். அதச் சொல்லிச் சொல்லி அழுதாரு.”

“அவரா எடுத்தாரு?”

“ஓம். அவருதான்.”

“அப்ப இவர்...”

“அவன் பொழுது படுறதுக்கு, மஃரிபுக்கு முந்தியே போயிட்டான், மகள். டொக்டர் எனக்குச் சொன்னாரு.”

காற்றுக்குள் கேட்ட மூச்சு ஓர் உடப்பு மீனவனுடையது. இத்தனை நாளும் இரவும் பகலும் அவளை அறுத்துக்கொண்டிருந்த கேள்வி அப்படி முடிந்தது. நெஞ்சு லேசாக வேண்டும் என்று காத்திருந்தாள். ஆகவில்லை. தன் குரலைக் கடைசியாக அவன் கேட்டான் என்ற ஒன்றைத்தான் பொக்கிஷமாகவும் நெருப்பாகவும் வைத்திருந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. அது கையைவிட்டுப் போனதும் இருக்கிற இடம் தெரியாமல் விழித்தாள். மாமி அவளுடைய தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு கிழமை நுஸ்ரா ஹுனைஸின் நம்பருக்கு எடுக்கவில்லை. திருத்திய தட்டுகளைப் பொதி செய்து முஃப்லிஹாவிடம் கொடுத்தனுப்பினாள். பரிசோதனைக்கூடத்துக்காரனோடு இரண்டு தரம் கதைத்தாள். பிழையை எப்படிப் பிடித்தீர்கள் என்று அவன் கேட்டான். வீட்டில் ஒரு போன் செத்துச் செத்து எழும்பியது என்றாள். நல்ல சோதனை முறை என்று அவன் பாராட்டினான்.

கிழமை முடிவில், சோறு போட்டுக்கொண்டிருந்த மாமி கரண்டியைக் கீழே வைத்தார்.

“இப்ப ஏன் எடுக்கிறதில்ல?”

“எடுத்து என்ன மாமி?”

“நீ சும்மா எடு. நான் கையில வெச்சிரிக்கேன்.”

நுஸ்ரா எடுத்தாள். மேசைக்கு அந்தப் பக்கம், மாமியின் கைக்குள் அது அதிர்ந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அது ஓயும்வரை இருந்தார்கள். பிறகு சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. போனைத் திறக்கும் கோட் நம்பர் நுஸ்ராவுக்குத் தெரியும். திறக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டாள். வேணாம் என்றார் மாமி. திறந்தால் உள்ளே இருப்பது இவ்வளவுதான் என்று ஆகிவிடும் என்றார்.

இத்தா முடிய நாலைந்து நாள் இருக்கும்போது சான்றிதழ் வந்தது. ஹுனைஸ் ஒன்றரை வருடம் அலைந்த இலச்சினை, அவர்களுடைய தட்டின் பெயருக்குப் பக்கத்தில். முஃப்லிஹா போனில் கூச்சல் போட்டாள். பாலாவியில் மற்றப் பெண்பிள்ளைகள் பின்னால் கத்துவது கேட்டது. மாமி இனிப்புக்குச் சவ்வரிசி காய்ச்சினார். ஹுனைஸுக்குப் பிடித்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் கிழமையிலேயே ஒரு லுஹர் நேரம் மாமி போனைத் தட்டில் வைத்தார். லைட் பற்றவில்லை. நகர்த்தி வைத்தார். துடைத்து வைத்தார். நுஸ்ரா வந்து வேறு தட்டுகளில் வைத்துப் பார்த்தாள். பதிவில் ஒரு வரிகூட விழவில்லை. ஓட்டைக்குள் ஏறிய உப்பு உள்ளே எங்கெங்கோ போய் அரித்து முடித்திருந்தது. கழற்றிப் பார்க்கலாம், தெரிந்தவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள் என்று நுஸ்ரா படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். மாமி கையை உயர்த்தி நிறுத்தினார்.

போனைக் கைக்குட்டையில் சுற்றினார். மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்” என்றார்.

இறைவனுக்குரியோம், அவனிடமே திரும்புவோம் என்ற அந்த வார்த்தையை, மையத்து வீட்டுக்கு வந்த அன்று எல்லோரும் சொன்னபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. நுஸ்ரா அதைக் கவனித்திருந்தாள். இப்போது அவர் அதைச் சொல்லக் கேட்டதும் அவளுக்குள் எங்கோ இறுகியிருந்த ஒன்று விட்டது. வாயைப் பொத்திக்கொள்ளாமல், அக்கம்பக்கத்துக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று, சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தி அழுதாள். மாமி அவளுக்கு ஸபர் சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இத்தா முடிந்து, மேசைச் சாமான்களோடு நுஸ்ரா பாலாவிக்குத் திரும்பினாள். பக்கத்து ஆலையின் சீமெந்துத் தூசி படிந்த யன்னல்களைப் பெண்பிள்ளைகள் அவளுக்காகக் கழுவி வைத்திருந்தார்கள். முஃப்லிஹா லெப்டொப்பை மேசையில் வைத்தவள், யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ராத்தா, அந்தக் கேள்வி கேட்டது ஆரு எண்டு தெரிஞ்சுதா?”

“ஓம்” என்றாள் நுஸ்ரா.

முஃப்லிஹா மேலும் கேட்கக் காத்திருந்தாள். நுஸ்ரா கதிரையை இழுத்துப் போட்டு, முதல் தொகுதித் தட்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, கம்பனிக்கு அனுப்பும் பெட்டிகளுக்கு உள்ளே ஈரம் புகாமல் என்ன வைப்பது என்று கதைக்கத் தொடங்கினாள்.